மீன் தொட்டிக்கும் உறைமோர் வேண்டும்

மனுவின் கைக்குள் வந்து சேர்ந்த சிறு மீனின் கதை எல்லோரும் அறிந்ததே. காலையில் கை கழுவக் கொண்டு வந்த தண்ணீரில் இருந்த அந்த மீன், தன்னைக் காக்கும்படி அவரை வேண்டியது. அவர் அதைக் குடத்தில் விட்டார், குடம் போதவில்லை. பள்ளம் வெட்டி அதில் விட்டார், அதுவும் போதவில்லை. கடைசியில் கடலிலே கொண்டு சேர்த்தார். பிரளயத்தில் அந்த மீனே அவரது ஓடத்தை இழுத்துச் சென்றது என்பது கதையின் பிற்பகுதி. வீட்டில் மீன் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு முற்பகுதியே போதும். மீனைக் கையில் வாங்கியவர் அதற்கு ஏற்ற தண்ணீரையும் தேடித் தர வேண்டும் என்பதே அதில் உள்ள பாடம்.

வளைகுடா நாடுகளில் வாழும் குடும்பங்களுக்குத் தோட்டம் கிடையாது, திண்ணை கிடையாது. அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நாய்க்கும் பூனைக்கும் அனுமதி கிடையாது. குழந்தை தன் கையால் ஆகாரம் கொடுத்து வளர்க்கக்கூடிய உயிர் என்று பார்த்தால் பெரும்பாலும் மீன்தான். ஆகையால்தான் நம்மவர் வீடுகளில் மீன் தொட்டிகள் பெருகி வருகின்றன. வாங்கிய இரண்டே வாரத்தில் காலியாகி, பால்கனி மூலைக்குப் போய்ச் சேரும் தொட்டிகளும் அதே அளவுக்குப் பெருகி வருகின்றன.

ஷார்ஜாவில் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். கணவர் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். ஒன்பது வயதில் ஒரே மகள். பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி கேட்டவளுக்கு மீன் வாங்கித் தருவது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை கடைக்குப் போனார்கள். 90 லிட்டர் தொட்டி, காற்று பம்ப், ஃபில்டர், கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, கூடவே பன்னிரண்டு மீன்கள். அன்று இரவே குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, மீன்களையும் விட்டாயிற்று. வீடே திருவிழா போல இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கியது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. ‘அழுக்குத் தண்ணீர்தான் காரணம்’ என்று நினைத்த அம்மா, தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கற்களை வெந்நீரில் அலசி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து, தொட்டியைப் பளபளவென்று தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பினார். மறுநாள் நான்கு மீன்கள் போயின. இரண்டாம் வாரம் முடிவதற்குள் தொட்டி காலி.

“அழாதே கண்ணு, வேற வாங்கிக்கலாம்” என்றார் அப்பா.

“அதுவும் செத்துப் போச்சுன்னா?” என்று கேட்டாள் மகள்.

நியாயமான கேள்வி. பன்னிரண்டு உயிர்கள் ஏன் போயின என்று தெரிந்து கொள்ளாமல் இன்னும் பன்னிரண்டு வாங்கினால், குழந்தை அதிலிருந்து கற்றுக் கொள்வது மீன் வளர்ப்பை அல்ல; உயிர் என்பது போனால் வேறு வாங்கிக் கொள்ளும் சாமான் என்பதைத்தான். ஆகவே காரணத்தைப் பார்ப்போம்.

தொட்டியின் ஈரல்

மனித உடலில் புரதச் சத்து செலவாகும்போது அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. ஈரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் யூரியாவை வெளியேற்றுகிறது. ஈரல் கெட்டவர்களுக்கு அம்மோனியா மூளையைத் தாக்கி மயக்கம் வருவது உண்டு. மீனுக்கு இந்தச் சிரமம் குறைவு. அது அம்மோனியாவை அப்படியே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. ஆறும் குளமும் பெரியவை; விஷம் கரைந்து மறைந்து விடும். 90 லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்? மீன் தான் கழித்த விஷத்திலேயே நீந்திக் கொண்டிருக்கிறது.

இந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இயற்கையில் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. செடிகளுக்கு அது உரம். மண்ணில் வாழும் இந்த நுண்ணுயிர்களை 1890-இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி பிரித்தெடுத்துக் காட்டினார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1850-இல், லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் வைத்து, தண்ணீர் கெடாமல் இருக்கச் செய்திருந்தார். 1854-இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்ற பெயர் நிலைத்தது. 1909-இல் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் சென்னை மெரினா கடற்கரையிலும் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அன்று முதல் இன்று வரை, 2008-இல் திறக்கப்பட்ட துபாய் மாலின் ஒரு கோடி லிட்டர் தொட்டி உட்பட, எந்தத் தொட்டியானாலும் விதி ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்தால் மீன் வாழும்; இல்லாவிட்டால் சாகும்.

இந்த நுண்ணுயிர்கள் குடியிருப்பது பெரும்பாலும் தண்ணீரில் அல்ல. ஃபில்டர் பஞ்சிலும் கற்களின் மேலும் வழவழவென்று ஒட்டிக் கொண்டிருக்கின்றன. ஆகவே ஃபில்டர் பஞ்சைத் தொட்டியின் ஈரல் என்றே சொல்லலாம். வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. ஷார்ஜாக் குடும்பத்தின் தொட்டியில் முதல் நாள் இரண்டுமே இல்லை. ஐந்தாம் நாள் கொஞ்சம் முளைவிட்டிருந்த ஈரலையும் அம்மாவின் சுத்தம் பிழிந்து எடுத்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமிகளைக் கொல்வதற்காகவே கலக்கப்படுவது. அதற்குக் கெட்ட கிருமி எது, நல்ல நுண்ணுயிர் எது என்று தெரியாது.

இரண்டாவது விஷமாகிய நைட்ரைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மீனின் ரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பயனற்றதாக்கி விடுகிறது. ரத்தம் பழுப்பாகிறது. தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதே கோளாறு மனிதக் குழந்தைகளுக்கும் வருவது உண்டு. நைட்ரேட் மிகுந்த கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகள் நீலம் பாரித்துப் போனதை 1945-இல் அமெரிக்க மருத்துவர் ஹண்டர் காம்லி எழுதி வெளியிட்டார். உடம்பு வேறானாலும் ரத்தத்தின் ரசாயனம் ஒன்றுதான்.

வளைகுடாத் தண்ணீரின் குணம்

ஊரில் கிணற்றுத் தண்ணீரையோ ஆற்றுத் தண்ணீரையோ பிடித்து மீன் வளர்த்தவர்கள், இங்கே வந்து அதே முறையைப் பின்பற்றி ஏமாறுவது உண்டு. இங்குள்ள குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவது. ஜெபல் அலி போன்ற நிலையங்களில் உப்பை நீக்கி, குழாய்களை அரிக்காமல் இருப்பதற்காகச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அப்படி வரும் தண்ணீர் பெரும்பாலும் சற்றுக் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 8-ஐ ஒட்டி இருக்கும். மனிதர் குடிக்க அதனால் தீங்கு ஒன்றும் இல்லை.

மீன் தொட்டியில் கணக்கு வேறு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று சாது, மற்றது செவுளுக்குள் எளிதாகப் புகும் கொடிய வடிவம். பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அதுவே நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அதாவது ஊரில் மீன் தாங்கிக் கொண்ட அதே அளவு அழுக்கு, இங்கே பத்து மடங்குக்கு மேல் விஷமாகலாம்.

வெப்பம் இன்னொரு கெடுதலும் செய்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகப் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். தண்ணீரில் பிராணவாயு குறையும் அதே நேரத்தில், சூட்டினால் மீனின் தேவை கூடுகிறது. கோடையில் மாலையில் நன்றாக இருந்த மீன்கள் விடிவதற்குள் இறந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஜூலை மாதம் வரும் ‘பச்சைத் தண்ணீர்’ எப்படிச் சுடும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிப்பதற்காக கீசரை அணைத்து வைத்து, அதில் ஆறிய தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகள் எத்தனையோ! மீன் தொட்டிக்குக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் விடவே கூடாது. முதல் நாளே பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் பிடித்து, ஏ.சி. அறையில் ஆற வைக்க வேண்டும். குளோரினை நீக்குவதற்குக் கடைகளில் சொட்டு மருந்து கிடைக்கிறது. அவற்றில் பலவற்றில் இருப்பது சோடியம் தியோசல்ஃபேட். சயனைடு விஷத்துக்கு மாற்றாக மருத்துவமனைகளில் வைத்திருக்கும் அதே மருந்து. புட்டியில் எழுதியிருக்கும் அளவுப்படி கலந்தால் போதும். சோப்புப் போட்ட பக்கெட்டை இதற்கு எடுக்கக் கூடாது. மீனுக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும்.

உறை ஊற்றுதல்

நுண்ணுயிர்கள் எங்கிருந்து வரும்? பாலைக் காய்ச்சி வைத்தால் தானாகத் தயிராகி விடாது; கொஞ்சம் உறைமோர் ஊற்ற வேண்டும், பொழுது விடியும் வரை காத்திருக்க வேண்டும். தொட்டியும் அப்படித்தான். ஆறு மாதம் நன்றாக நடந்து வரும் தொட்டி ஏதேனும் நண்பர் வீட்டில் இருந்தால், அங்கிருந்து ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டோ, இரண்டு கைப்பிடி கூழாங்கல்லோ வாங்கி வர வேண்டும். அதை அந்தத் தொட்டியின் தண்ணீரிலேயே நனைத்து, காயாமல், வெயில் படாமல் கொண்டு வந்து புதுத் தொட்டியின் ஃபில்டரில் வைத்தால் அதுதான் உறைமோர். நோய் கண்ட தொட்டியிலிருந்து மட்டும் வாங்கக் கூடாது. மோரோடு நோயும் வந்துவிடும்.

உறை கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. காற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து பெருகும். நாள் மட்டும் கூடுதலாகும். மீன் இல்லாத தொட்டியில் பம்பையும் ஃபில்டரையும் இரவு பகலாக ஓட விட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் ஆகாரம் போட்டு வர வேண்டும். அது அழுகி அம்மோனியாவாகும். அதைத் தின்று நுண்ணுயிர் பெருகும். தண்ணீரைச் சோதிக்கும் சிறு பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் மட்டும் தெரிகின்ற நாள்தான் தொட்டி உறைந்த நாள். சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இந்த ஆறு வாரம் காத்திருக்க மனம் இல்லாதவர்கள் மீன் வளர்க்க இறங்காமல் இருப்பதே மீன்களுக்குச் செய்யும் உபகாரம்.

தொட்டியும் சாமான்களும்

சிறிய தொட்டி சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிர். தண்ணீர் குறைவாக இருந்தால் சிறு தவறும் பெரிய விஷமாகும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மேஜைக்கு அழகு, மீனுக்குச் சிறை. 75 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 40 உயரம் கொண்ட தொட்டி 90 லிட்டர் பிடிக்கும். தொடங்குகிறவர்களுக்கு அது போதுமான அளவு. தண்ணீர் மட்டுமே 90 கிலோ என்பதை மறக்கக் கூடாது. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். ஆட்டம் காணாத, சமமான மேடை வேண்டும்.

ஜன்னல் வெயில் படும் இடத்திலும், ஏ.சி. காற்று நேராக வீசும் இடத்திலும் வைக்கக் கூடாது. ‘பாலைவனத்தில் ஹீட்டர் எதற்கு?’ என்று சிரிப்பவர்கள் உண்டு. ஏ.சி.யை இரவு முழுவதும் 20 டிகிரியில் வைக்கும் வீட்டில் தொட்டித் தண்ணீரும் குளிர்ந்து விடும். வெப்பநாட்டு மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை தேவை. லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில், தானாக நின்று எரியும் ஹீட்டர் ஒன்று வைப்பது நலம்.

மின்சார வயர்கள் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கு வளைவு கொண்டிருக்கட்டும். வயர் வழியே ஒழுகும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பாசி பிடிக்கும்.

எந்த மீன்கள்?

இங்குள்ள தண்ணீரை மீனுக்காக மாற்றுவதைவிட, இந்தத் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் ஆகிய குட்டி போடும் மீன்கள் சற்றுக் காரமான தண்ணீரில் நன்றாக வாழும். நம் தேசத்து ஓடைகளில் கூட்டமாகத் திரியும் வரிமீனாகிய ஸீப்ரா டானியோவும் முரட்டு உடம்புக்காரன்; ஆறாகச் சேர்த்து விட்டால் உற்சாகமாக ஓடும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் முதலியவை தென் அமெரிக்காவின் மென்மையான நீருக்குப் பழகிய குலத்தவை. முதல் வருஷம் அவற்றின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது, பெரிதாக வளர்வது, அதிகம் கழிப்பது. இந்தக் கூட்டத்தில் சேராது. ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று கடையில் தரும் சக்கர் மீன் விரலளவில் வந்து முழங்கை நீளத்துக்கு வளரும். மனுவின் மீன் கதைதான்! வளர்ந்ததும் கொண்டு போய் வாடியிலோ, ஊருக்குப் போகும்போது ஏரியிலோ விடுவது பெரிய தீங்கு. தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் சக்கர் மீன் பெருகி, வலையைக் கிழித்து மீனவர்களுக்குத் தொல்லை தருகிறது. அதற்கு மூலகாரணம் மீன் தொட்டிகளே. சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்த்து விற்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. ஊருக்குப் போகும்போது ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்தால், எந்த மீன் எவ்வளவு பெரிதாகும் என்பதை நேரிலேயே கண்டு வரலாம்.

முதலில் ஐந்தாறு மீன்கள் போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னும் நான்கு. கோடையில் கடையிலிருந்து மீன் கொண்டு வரும்போது தெர்மகோல் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவது அவசியம். நிறுத்திய கார் எவ்வளவு கொதிக்கும் என்று தெரியும் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும்.

ஆகாரமும் வாராந்திர வேலையும்

கோயில் குளத்தில் பொரியை அள்ளி வீசி, மீன்கள் மொய்ப்பதைப் பார்த்து மகிழ்ந்த பழக்கம் நம்மவர்க்கு உண்டு. தொட்டியில் அந்தக் கை உதவாது. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வாரத்தில் ஒரு நாள் விரதம் இருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் யார் ஆகாரம் போடுவது என்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். அப்பா ஒரு தரம், அம்மா ஒரு தரம், விருந்தாளி ஒரு தரம் என்று போட்டால் பட்டினியால் அல்ல, விருந்தால்தான் மீன் சாகும்.

வாரம் ஒரு முறை, தண்ணீரில் நாலில் ஒரு பங்கை மட்டும் ரப்பர் குழாயால் இறக்கி, ஆற வைத்த புதுத் தண்ணீரை நிரப்ப வேண்டும். முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றும் சுத்தம் வேண்டாம். ஃபில்டர் பஞ்சு அடைத்துக் கொண்டால், இறக்கிய தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலச வேண்டும். குழாயடிக்குக் கொண்டு போகக் கூடாது. இறக்கிய தண்ணீரைக் கொட்டாமல் பால்கனியில் இருக்கும் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினால் நல்ல உரம்.

ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த தண்ணீரை நிரப்பிவிட்டால் மாற்றியது ஆகிவிட்டது என்று எண்ணக் கூடாது.

நோய் வந்தால்

மீனுக்கு மருத்துவம் பார்ப்பதில் முதல் படி, தினமும் ஆகாரம் போடும்போது ஒரு நிமிஷம் நின்று பார்ப்பது. மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்று நம் முன்னோர் சொன்னதையொட்டித்தான் மீனாட்சி என்ற பெயருக்கும் பொருள் சொல்வார்கள். வளர்ப்பவருக்கும் அந்தப் பார்வை வேண்டும். துடுப்பை ஒடுக்கிக் கொண்டு மூலையில் நிற்பது, கல்லில் உரசிக் கொள்வது, ஆகாரத்துக்கு வராதது ஆகிய மூன்றும் அபாய அறிகுறிகள். எதைக் கண்டாலும் முதலில் சோதிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

உடலில் ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அங்கிருந்து விழுந்து பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி வரும்போதுதான் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்ப வரும். சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மனித ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தொட்டியில் போடும் வழக்கம் ஆபத்தானது. வெள்ளைப் புள்ளிக்கு அது உதவாது. தொட்டியின் ஈரலையோ கொன்றுவிடலாம்.

மனிதருக்கும் தொட்டியிலிருந்து ஒரு நோய் வரலாம். காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு நுண்ணுயிர் மீன் தொட்டித் தண்ணீரில் வாழ்கிறது. 1926-இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் மீன் காட்சிசாலையில் இறந்த மீன்களிடமிருந்து அது முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. கையில் சிறு வெட்டோ கீறலோ இருக்கும்போது தொட்டிக்குள் கை விட்டால் அதன் வழியாகப் புகும். சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ வலி அதிகமில்லாத ஒரு கட்டி தோன்றும். சில சமயம் கை வழியே மேல் நோக்கி வரிசையாகக் கட்டிகள் வரும். சாதாரண மருந்துகளுக்கு அது அடங்காது. சரியான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். இது மிக அரிதாக வருவதுதான். ஆனாலும் ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போகிறவர்கள், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதைத் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகலாம்.

தடுப்பதோ மிகச் சுலபம். கையில் காயம் இருந்தால் நீளமான ரப்பர் உறை போட்டுக் கொள்ள வேண்டும். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் தொட்டிக்குள் கை விடும் வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

ஜூலை மாதத்தில் யார் பார்ப்பார்கள்?

மீன் வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பம் ஊருக்குப் போய்விடும். முப்பது, நாற்பது நாள் வீடு பூட்டிக் கிடக்கும். மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து ஏ.சி.யையும் அணைத்துவிட்டால் மூடிய வீட்டின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது எளிது. ஆகாரம் இல்லாமல் வளர்ந்த மீன் ஒரு வாரம் தாக்குப் பிடிக்கும். அந்தச் சூட்டை ஒரு நாள்கூடத் தாங்காமல் போகலாம்.

வழிகள் இரண்டு. ஒன்று, தொட்டியிருக்கும் அறைக்கு மட்டும் ஏ.சி.யை 27, 28 டிகிரியில் ஓட விட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துப் போவது. மற்றது, தொட்டி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் மீன்களையும், அவற்றோடு ஃபில்டர் பஞ்சையும் ஒப்படைப்பது. சாவியைக் கொடுத்துப் போகிறவர்கள் ஆகார டப்பாவையும் கொடுத்துப் போகக் கூடாது. பழைய காலத்து மருந்துக் கடைகளில் பொடியைப் பொட்டலம் கட்டித் தருவார்களே, அதுபோல ஒரு நாளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, தேதி எழுதி வைத்துவிட வேண்டும். பார்த்துக் கொள்கிறவர் அன்பு மிகுதியால் அள்ளிப் போடாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு வழிகளுமே இல்லாதவர்கள், இங்கேயே நிலைத்து வாழும் வேறு குடும்பத்துக்கு மீன்களைக் கொடுத்துவிட்டுப் போவதே தர்மம்.

ஷார்ஜாக் குடும்பத்துக்குத் திரும்புவோம். அப்பா மறுபடி கடைக்குப் போகவில்லை. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பல ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருக்கும் மதுரைக்காரர் ஒருவரிடம் போய்க் கேட்டார். “அண்ணே, தொட்டியை மூடிறாதீங்க. பம்பு ஓடட்டும். நான் கொஞ்சம் பஞ்சு தர்றேன்” என்றார் அவர். மகள் ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, தேதி, அம்மோனியா, நைட்ரைட் என்று மூன்று கட்டம் பிரித்தாள். மீனே இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை ஆகாரம் போட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள், “என்னம்மா, தண்ணிக்கா சாப்பாடு போடறே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். “ஆமா ஆன்ட்டி, அதுதான் மொதல்ல வளரணும்” என்றாள் அவள்.

உறைமோர் இருந்ததால் இருபத்தாறு நாளில் இரண்டு கட்டமும் பூஜ்யமாயிற்று. ஆறு கப்பிகள் வந்தன. அந்த ஜூலையில் ஊருக்குப் புறப்படும்போது, நாற்பது பொட்டலங்களையும் வீட்டுச் சாவியையும் மூன்றாம் மாடி மாமாவிடம் கொடுத்தது அந்தப் பெண்தான். திரும்பி வந்த இரவு, பெட்டிகளைக்கூடத் திறக்காமல் தொட்டியின் முன் போய் நின்று எண்ணினாள். ஆறும் இருந்தன; கூடவே செடியின் அடியில், எண்ண முடியாதபடி சின்னஞ்சிறு குஞ்சுகளும் இருந்தன.

குஞ்சுகளுக்கு இந்தத் தொட்டி போதுமா என்பதுதான் அவள் அடுத்துக் கேட்ட கேள்வி.